முகப்பருவும் வீட்டு வைத்தியமும்

(சங்க ஆண்டு விழாவில், மாதரும் மாணவரும் கூடிய பகல் அமர்வில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் இலக்கியமும் இசையும் சமயமும் முழங்கக் கேட்டிருக்கிறோம். அத்தகைய அவையில் முகப்பருவைப் பற்றிப் பேச வந்து நிற்கிறோமே என்று சிலர் புன்முறுவல் பூப்பது தெரிகிறது. நாம் மருத்துவர் அல்லோம். பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, ரெயில்வே சரக்கு அலுவலகத்தில் பேரேட்டோடு காலந்தள்ளும் எழுத்தர். ஆயினும், வளர்ந்த பிள்ளைகள் மூவர் உள்ள வீட்டில் இப்பொருளைப் பற்றி அறிந்துகொண்டே தீரவேண்டிய நிலை வந்தது. ரெயில்வே மருத்துவமனையின் தோல் மருத்துவரிடம் பலமுறை சென்று கேட்டறிந்ததையும், தேடிப் படித்ததையும் உங்கள்முன் வைக்கிறோம். சொல்வன்மையை எதிர்பாராமல் பொருளை மட்டும் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

இஃது அற்பப் பொருள் அன்று. சென்ற ஆண்டு இவ்விழாவுக்கெனக் கோலாட்டம் பழகிய பெண்களுள் இருவர், விழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில் விலகிக்கொண்டனர். காரணம் கேட்டபோது, "தலைவலி" என்றாள் ஒருத்தி. "தேர்வு இருக்கிறது" என்றாள் மற்றொருத்தி. உண்மைக் காரணம் அவர்கள் கன்னத்தில் எழுந்திருந்த பருக்கள்தாம் என்பதைப் பின்னர் அவர்தம் தாய்மார் கூற அறிந்தோம். பதினாறு வயதுப் பெண்ணொருத்தி கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டுத் தலைவாருகிறாள் என்றால், அவள் உள்ளம் படும் பாட்டைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஆண் பிள்ளைகளும் இத்துன்பத்துக்கு விலக்கல்லர். அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை; அவ்வளவே.

இந்த வேதனையைப் பெருக்குபவர்கள் பெரும்பாலும் நாமே. ஊரிலிருந்து கோடை விடுமுறைக்கு வரும் அத்தையோ சித்தியோ வண்டியை விட்டு இறங்கியதும், "என்னடி இது, முகமெல்லாம் இப்படி?" என்றுதான் கேட்கிறார்கள். "யாரோ உன்மேல் ஆசை வைத்திருக்கிறார்கள்" என்று கேலி பேசுபவர் சிலர். "இந்த முகத்தோடு எப்படி மாப்பிள்ளை வீட்டாருக்குப் படம் அனுப்புவது?" என்று பெருமூச்செறிபவர் பலர். "அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்னும் பழமொழியைத் தவறான இடத்தில் எடுத்துக் கூறிக் குழந்தையின் மனத்தைப் புண்படுத்துகிறோம். அகத்துக்கும் பருவுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

பரு வருவது எவ்வாறு?

நமது தோலில் மயிர்க்கால்தோறும் ஒரு சிறு எண்ணெய்ச் சுரப்பி உண்டு. முகத்திலும் மார்பிலும் முதுகின் மேற்பகுதியிலும் இவை நெருங்கியும் பெரியனவாகவும் இருக்கின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இல்லவே இல்லை. ஆதலால் அவ்விடங்களில் பரு தோன்றுவதில்லை. பிள்ளைகள் பருவம் எய்துங்கால் உடலில் ஊறும் ஹார்மோன்கள் இச்சுரப்பிகளை மிகுதியாக வேலை வாங்குகின்றன. அதே சமயத்தில், மயிர்க்காலின் வாயில் உதிர வேண்டிய இறந்த தோற்செதில்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடுகின்றன.

சரக்கு யார்டைக் கண்டவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வெளியேறும் தடம் அடைபட்டுப் போக, உள்ளே வண்டிகள் வந்த வண்ணமாகவே இருந்தால் என்ன ஆகும்? எண்ணெய் உள்ளே தேங்குகிறது. தோலில் எப்போதும் குடியிருக்கும் ஒருவகை நுண்ணுயிர் அத்தேக்கத்தில் பெருகுகிறது. உடல் அதனை எதிர்த்துப் போராட, அவ்விடம் சிவந்து வீங்கிச் சீழ் கொள்கிறது. இவ்வளவே பருவின் வரலாறு.

இதிலிருந்து நாம் தெளிய வேண்டியவை சில உள. முதலாவது, பரு அழுக்கினால் வருவதன்று. மூக்கின்மேல் கரும்புள்ளிகளாகத் தோன்றுபவைகூட அழுக்கல்ல. அடைப்பில் உள்ள நிறப்பொருள் காற்றுப் பட்டுக் கறுத்ததே ஆகும். எனவே, "முகத்தைத் தேய்த்துக் கழுவாததால் வந்தது" என்று பிள்ளையைக் கடிந்துகொள்வது அநீதி. இரண்டாவது, "இரத்தம் கெட்டுவிட்டது" என்பதும் சரியன்று. மூன்றாவது, இஃது ஒட்டுவாரொட்டி நோயும் அன்று. 12 வயது முதல் 24 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேர் வரை ஏதோ ஒரு காலத்தில் இதற்கு ஆளாகின்றனர் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. தாய் தந்தையருக்கு இருந்திருந்தால் மக்களுக்கும் கடுமையாக வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே பிள்ளையைக் குறை கூறுமுன், நம் பழைய பள்ளிக்கூடப் புகைப்படத்தை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நலம்.

உணவும் எண்ணெயும்

"எண்ணெய்ப் பலகாரம் தின்னாதே, சாக்லேட்டைத் தொடாதே" என்பது வீட்டுக்கு வீடு வழங்கும் ஆணை. 1969-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் 65 பேருக்குச் சாக்லேட் கொடுத்துப் பார்த்து, அதனால் பரு மிகவில்லை என்று எழுதினார்கள். அந்தச் சோதனையில், ஒப்பிடுவதற்காகக் கொடுத்த மிட்டாயிலும் ஏறக்குறைய அதே அளவு சர்க்கரையும் கொழுப்பும் இருந்தன என்று பின்னாளில் பிறர் குறை கண்டனர். 2007-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில், பருவுற்ற இளைஞர் 43 பேரை வைத்து 12 வாரம் ஆராய்ந்தார்கள். விரைவில் சர்க்கரையாக மாறும் உணவுகளைக் குறைத்து உண்டவர்களுக்குப் பரு கூடுதலாகத் தணிந்தது கண்டார்கள். பாலுக்கும் பருவுக்கும் சிறிது தொடர்பு இருக்கலாம் என்பாரும் உளர்.

ஆதலால் நாம் கொள்ளத்தக்க நெறி இது: ரசகுல்லாவும் சந்தேஷும் மலிந்த இந்நாட்டில், இனிப்பையும் மைதாப் பண்டங்களையும் குளிர்பானங்களையும் மட்டுப்படுத்துவது நன்று. அது பருவுக்கு மட்டுமன்றி உடலுக்கே நலம். ஆனால் வளரும் பிள்ளைக்குப் பாலை அடியோடு நிறுத்துவதும், "இது சூடு, அது சூடு" என்று தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிடுவதும் வேண்டா.

உண்ணும் எண்ணெயைவிடப் பூசும் எண்ணெயே நம்மவர் கவனிக்கத்தக்கது. 1970-ஆம் ஆண்டிலேயே, தலைக்குப் பூசும் கொழுப்புப் பொருள்களால் நெற்றியிலும் பொட்டிலும் பரு எழுவதை மருத்துவர்கள் தனியே பெயரிட்டு எழுதி வைத்தார்கள். நம் வீட்டுப் பெண்களுக்குத் தலைநிறையத் தேங்காயெண்ணெய் வைத்துப் பின்னலிடும் வழக்கம் உண்டு. அண்டை வீட்டு வங்காள மாதரைப் பார்த்துக் கடுகெண்ணெயும் பழகிவிட்டோம். வங்காளத்துச் சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் அவ்வெண்ணெய் வியர்வையோடு கலந்து நெற்றியில் வழிகிறது. நெற்றியோரம் வரிசையாகச் சிறு பருக்கள் எழுவதற்கு இது பெருங்காரணம். எண்ணெயை விட்டுவிடச் சொல்லவில்லை. தலைக்குக் குளிப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு வைத்துப் பின்பு அலசிவிடலாம். இரவில் எண்ணெய்த் தலையோடு படுப்பதையும், எஞ்சிய எண்ணெயை முகத்தில் தடவிக்கொள்வதையும் பருவுள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். தலையணை உறையை வாரந்தோறும் மாற்றுவதும் நல்ல பழக்கமே.

அடுக்களை மருந்துகள்

இனி, தாய்மார்கள் மிகுதியும் எதிர்பார்க்கும் பகுதிக்கு வருகிறோம். நம் அடுக்களையில் உள்ளவற்றுள் எது உதவும், எது உதவாது?

பயற்றமாவு: சோப்பைவிட மென்மையானது என்பதால் இதற்கு மதிப்பளிக்கலாம். நமது தோல் இயல்பாகச் சிறிது அமிலத்தன்மை உடையது. சாதாரணக் கட்டிச் சோப்பு காரத்தன்மை உடையது. பயற்றமாவு அத்தகைய காரமன்று. ஆனால் மாவு மிக நைசாகச் சலித்ததாக இருத்தல் வேண்டும். அதைக் குழைத்து இலேசாகத் தடவிக் கழுவிவிட வேண்டுமேயன்றி, பாத்திரம் துலக்குவதுபோல் தேய்த்தல் ஆகாது. தேய்க்கத் தேய்க்கப் பரு உடைந்து பரந்த புண்ணாகும்.

மஞ்சளும் சந்தனமும்: மஞ்சளுக்கு வீக்கம் தணிக்கும் குணம் ஓரளவு உண்டு. ஆயினும், அதனைப் பூசியதால் மட்டும் பரு மறைந்தது என்று உறுதியாகச் சொல்லும்படியான சான்று குறைவு. ஒவ்வாமை இல்லாதவர்களுக்குத் தீங்கில்லை, பூசலாம். நிறம் கூட்டுவதற்காகக் கடை மஞ்சட்பொடியில் ஈயம் கலந்த சாயம் சேர்ப்பாரும் உண்டாதலால், கிழங்காக வாங்கி வீட்டில் பொடித்துக்கொள்வது மேல். சந்தனம் குளிர்ச்சி தரும், மருந்தாகாது.

முல்தானி மண்: இந்நாட்டார் விரும்பிப் பூசும் இம்மண் எண்ணெயை உறிஞ்சிக் கொள்ளும். வாரத்துக்கு ஒருமுறை பூசிச் சிறிது நேரத்தில் கழுவலாம். முற்றும் உலர்ந்து தோல் வெடிப்பது போல் இழுக்கும்வரை விட்டு வைத்தால் எரிச்சல் மிகும். மருந்து பூசுகிறவர்கள் இதை விட்டுவிடுவதே நன்று.

எலுமிச்சம்பழச் சாறு: இதை வேண்டவே வேண்டா என்போம். அதன் அமிலம் தோல் தாங்கும் அளவைக் கடந்தது. அன்றியும் எலுமிச்சஞ்சாறு பட்ட தோல்மீது வெயில் பட்டால் தீப்புண் போல் கொப்புளித்துக் கறுத்துவிடுவது உண்டு. நிறம் வேண்டிப் பூசியவர்க்கு, இருந்த நிறமும் போய்க் கறை எஞ்சும்.

பற்பசையும் சமையல் சோடாவும் பூண்டும்: கைப்பேசியில் வரும் படங்களைப் பார்த்துப் பிள்ளைகள் இவற்றைப் பூசிக்கொள்கிறார்கள். பற்பசை பல்லுக்கு உரியது. சமையல் சோடா தோலின் இயல்பான அமிலக் காப்பைக் கெடுக்கும். அரைத்த பூண்டு பொசுக்கியே விடும். மூன்றையும் முகத்துக்கு நெருங்க விடாதீர்கள்.

டீட்ரீ எண்ணெய்: இஃது ஆஸ்திரேலிய மரமொன்றின் இலையிலிருந்து எடுப்பது; நாம் அருந்தும் தேயிலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1990-ஆம் ஆண்டில் அந்நாட்டில் 124 நோயாளிகளைக் கொண்டு ஆராய்ந்ததில், நூற்றுக்கு 5 பங்கு சேர்ந்த களிம்பு பருவைக் குறைத்தது. ஆனால் மெதுவாகவே வேலை செய்தது. நீர்க்காத எண்ணெயை அப்படியே பூசினால் புண்ணாகும்.

இவை எல்லாவற்றிலும் தாய்மார் மனத்தில் வைக்க வேண்டுவது ஒன்றே. வீட்டில் கிடைப்பதெல்லாம் தீங்கற்றது என்று எண்ணிவிடலாகாது. மிளகாயும் வீட்டில்தான் கிடைக்கிறது.

செய்யத்தக்கது யாது?

அலுவலகத்தில் கால அட்டவணை போட்டுப் பழகிய நமக்கு, இதையும் அட்டவணையாகச் சொல்வதே எளிது.

காலையில் எழுந்ததும் ஒருமுறை, இரவு படுக்குமுன் ஒருமுறை, மென்மையான முகக்கழுவியால், விரல் நுனி கொண்டு, வெதுவெதுப்பான அல்லது சாதாரண நீரில் முகம் கழுவுக. நன்கு வியர்த்த பின்னும் ஒருமுறை கழுவலாம். நாளுக்கு ஐந்தாறு முறை கழுவினால் தோல் வறண்டு எரிச்சலே மிஞ்சும். துவாலையால் ஒற்றி எடுக்க வேண்டும், துடைத்துத் தேய்க்கலாகாது.

சாதாரணப் பருவுக்கு உலகெங்கும் மருத்துவர்கள் முதலில் சொல்லும் மருந்து பென்சாயில் பெராக்சைடு என்னும் களிம்பு. நூற்றுக்கு 2.5 பங்கு உள்ளதே 10 பங்கு உள்ளதற்கு ஏறக்குறைய நிகராக வேலை செய்கிறது, எரிச்சலோ குறைவு. ஆதலால் அதிகப் பங்கு உள்ளதைத் தேடி வாங்குவதில் இலாபமில்லை. ஓர் எச்சரிக்கை: இது துணியை வெளுக்கும். பட்டுப் பாவாடையும் வண்ணத் தலையணை உறையும் இம்மருந்து பட்டு வெளுத்தால் திரும்ப நிறம் பெறா. வெள்ளைத் துவாலையும் வெள்ளை உறையும் வைத்துக்கொள்க.

அடைப்பை நீக்குவதற்கு அடாபலீன் என்னும் களிம்பு சிறந்தது, நூற்றுக்கு 0.1 பங்கு உள்ளது வழங்குகிறது. இதை மருத்துவர் எழுதித் தரப் பெற்று, இரவில் மட்டும் பூச வேண்டும். ஒரு பட்டாணி அளவே முகம் முழுமைக்கும் போதும். பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பது போல் வைப்பதால் பயனில்லை. பரு எழக்கூடிய இடம் முழுதும் மெல்லியதாகப் பரப்ப வேண்டும். முதற் சில வாரங்கள் தோல் உரிதலும், பரு சற்று மிகுதலும் உண்டு. அதற்கு அஞ்சி விட்டுவிடாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் பூசிப் பழக வேண்டும். கருவுற்றவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும்.

கரும்புள்ளிகளுக்குச் சாலிசிலிக் அமிலம் நூற்றுக்கு 2 பங்கு வரை சேர்ந்த முகக்கழுவி உதவும். பரு ஆறிய பின் நிற்கும் கறைக்கு அசெலாயிக் அமிலக் களிம்பு நல்லது; இது பருவுக்கும் மருந்தே. தோல் வறளாதிருக்க, எண்ணெய்ப்பசை இல்லாத ஈரப்பத நெய்மம் பூசுவதும், வெளியே செல்கையில் வெயில் காப்புக் களிம்போ குடையோ கொள்வதும் இன்றியமையாதவை. நம்போன்ற மாநிறத்தாருக்குப் பருவைவிடப் பருவின் கறையே நெடுநாள் நிற்பது; வெயில் அதனை மேலும் கறுக்கச் செய்யும். மறைத்தற்காகப் பவுடரின்மேல் பவுடர் அப்புவது பயன் தராது.

கிள்ளுதல், பிதுக்குதல் கூடவே கூடாது. பிதுக்கும்போது சீழில் ஒரு பகுதி வெளியே வருவது கண்ணுக்குத் தெரியும்; மறுபகுதி உள்ளே ஆழச் செல்வது தெரியாது. அவ்வாறு சென்றதே பின்னர்க் குழித் தழும்பாகிறது. கறை மாதக்கணக்கில் மறையும்; குழித் தழும்பு எந்த வீட்டு மருந்துக்கும் மறையாது.

ஆண் பிள்ளைகள் சவரம் செய்கையில் வெந்நீரால் மயிரை மென்மையாக்கி, புதிய பிளேடு கொண்டு, மயிர் வளரும் திசையிலேயே மழிக்க வேண்டும். முடிதிருத்தகத்தில் பிறர்க்குப் பயன்படுத்திய துவாலையை முகத்தில் வாங்காதீர்கள்.

நம் சங்கத்துக்கே உரிய செய்தி ஒன்றும் உண்டு. நாடகத்திலும் நடனத்திலும் பங்கு கொள்ளும் பிள்ளைகளுக்கு எண்ணெய்ப்பசை மிகுந்த ஒப்பனை பூசுகிறோம். நிகழ்ச்சி முடிந்து, சாப்பாட்டுப் பந்தி முடிந்து, புகைப்படம் எடுத்து, வீடு சேர்ந்து அப்படியே உறங்கிவிடுகிறார்கள். அன்றிரவே ஒப்பனையைக் களைந்துவிட்டுப் படுக்கச் செய்வது தாயின் கடமை. ஹோலிச் சாயத்துக்கும் இவ்விதியே பொருந்தும்.

இனி, பொறுமை. எந்த மருந்தாயினும் பயன் தெரிய 6 முதல் 8 வாரமும், முழுப்பயன் காண 12 வாரமும் ஆகும். மூன்று நாள் ஒன்று, அடுத்த மூன்று நாள் மற்றொன்று என்று மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு எதுவும் பலிப்பதில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொடங்கிய தேதி, பூசிய மருந்து, வாரம் ஒருமுறை பருக்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். நம் இல்லத்தில் நம் மகள் அவ்வாறு குறித்தாள். ஐந்தாம் வாரத்தில், "அப்பா, ஒன்றும் குறையவில்லை" என்று சோர்ந்தவளுக்கு, முதல் வாரக் கணக்கை எடுத்துக் காட்டினோம். 31 என்று இருந்தது 22 ஆகியிருந்தது. கண்ணாடி காட்டாததைக் கணக்கு காட்டியது.

பேராபத்து ஒன்று

இதுவரை கூறியவற்றை மறந்தாலும் இனிக் கூறப்போவதை மறவாதீர்கள். இன்று பேச ஒப்புக்கொண்டதே இதன்பொருட்டுத்தான்.

இக்காலனியில் ஒரு குடும்பம். பெயர் வேண்டா. மகளுக்குப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. கன்னத்தில் பரு. தாய் கடைத்தெருவுக்குச் சென்று ஒரு கடையில் கேட்டார். கடைக்காரர், "பௌதி, இதைப் பூசுங்கள், பதினைந்தே நாளில் பாருங்கள்" என்று ஒரு சிறு குழாயைக் கொடுத்தார். சொன்னபடியே ஆயிற்று. பதினைந்து நாளில் பரு அடங்கிற்று. முகம் வெளுத்துப் பளபளத்தது. கண்டவர்கள் எல்லாரும் அம்மருந்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள்.

நான்கு மாதம் சென்றது. பூசுவதை ஓரிரு நாள் நிறுத்தினாலே முகம் தீயாய் எரிந்தது, சிவந்தது. முன்னிருந்ததைப்போல் இருமடங்கு பருக்கள் கிளம்பின. கன்னத்தில் மெல்லிய இரத்த நாளங்கள் கோடு கோடாகத் தெரிந்தன. மேலுதட்டிலும் தாடையிலும் மயிர் வளரலாயிற்று. அடுக்களையில் அடுப்பருகே நிற்க முடியவில்லை. வெயிலில் இறங்க முடியவில்லை. மருத்துவர் அக்குழாயை வாங்கிப் பார்த்துச் சொன்னார், அது ஸ்டீராய்டு கலந்த களிம்பு என்று. தோல் பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆயின. அந்தத் தாயை யார் குறை கூற முடியும்? மகள் நலம் கருதியே வாங்கினார். அவருக்கு அதைச் சொல்வாரில்லை. நம்மில் எவரும் சொல்லவில்லை.

இத்தகைய கேடு நாடெங்கும் பரவியதைக் கண்டு, ஸ்டீராய்டு கலந்த பூச்சு மருந்துகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு விதித்தது. விதி இருந்தும் கடைகளில் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே காவல் நம் கையில்தான் உள்ளது. சரக்கை ஒப்புக்கொள்ளுமுன் சீட்டைப் படித்துப் பார்ப்பது நம் அலுவலக வழக்கம். அவ்வாறே, முகத்தில் பூசுமுன் குழாயின்மேல் உள்ள சிற்றெழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃபுளூவோசினோலோன், டெக்சாமெத்தசோன் ஆகியவற்றுள் ஒன்றேனும் எழுதியிருந்தால், மருத்துவர் கட்டளையின்றி முகத்தில் வைக்காதீர்கள். "மூன்று மருந்து சேர்ந்தது", "வெள்ளையாக்குவது" என்று கூறி விற்பவற்றிலும் இவை ஒளிந்திருக்கும். பெயரும் ஊரும் இல்லாத டப்பாக் களிம்புகளைத் தொடவே வேண்டா. ஏற்கெனவே பூசி வருபவர்கள் இருந்தால் அஞ்ச வேண்டா, மறைக்கவும் வேண்டா. மருத்துவரிடம் குழாயை எடுத்துச் சென்று காட்டி, அவர் சொல்லும் முறைப்படி விடுங்கள்.

மருத்துவரிடம் செல்ல வேண்டியது எப்போது?

12 வாரம் ஒழுங்காகச் செய்தும் குறையாவிடில் செல்ல வேண்டும். தோலுக்கடியில் வலியோடு கட்டி கட்டியாக எழுந்தாலும், குழி விழத் தொடங்கினாலும் 12 வாரம்கூடக் காத்திருத்தல் ஆகாது. பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு ஒழுங்கு தவறி, முகத்தில் மயிரும் மிகுந்து, பருவும் அடங்காதிருந்தால், அது கருப்பை சார்ந்த சினைப்பைகளின் ஹார்மோன் கோளாறாக இருக்கக்கூடும். வெட்கப்படாது காட்ட வேண்டும். நெற்றியிலும் மார்பிலும் ஒரே அளவாக, அரிப்போடு எழும் சிறு கொப்புளங்கள் பருவே அல்லாமல் ஒருவகைப் பூஞ்சையாலும் வரலாம். அதற்கு மருந்து வேறு.

மருத்துவர் உட்கொள்ளத் தரும் மருந்துகளைப் பிறர்க்குப் பங்கிடாதீர்கள். 1982-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஐசோட்ரெட்டினாயின் என்னும் மாத்திரை, கடும் பருவையும் அடக்கவல்லது. ஆனால் கருவுற்ற பெண் உட்கொண்டால் வயிற்றிலுள்ள குழந்தைக்குப் பெருங்கேடு விளைக்கும். புதிதாக மணமான அக்காள், தங்கையின் மாத்திரையை எடுத்து விழுங்கும் வீடுகளும் உள. ஆகவே இதைச் சபையில் வெளிப்படையாகவே சொல்கிறோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை உண்ணாமலும் ஒருவரோடும் பழகாமலும் அறையிலேயே அடைந்து கிடக்கத் தொடங்கினால், பரு சிறிதா பெரிதா என்று அளந்துகொண்டிராதீர்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பருவினால் மனம் நோவது மெய்யான நோவே என்று மருத்துவர்களும் கூறுகின்றனர்.

அன்பர்களே! தாயகம் விட்டுப் பல நூறு மைல் கடந்து வந்து, ஒரே காலனியில் ஒரு குடும்பம் போல் வாழ்கிறோம். ஊரில் இருந்தால் பாட்டியும் பெரியம்மாவும் சொல்லியிருப்பார்கள். இங்கே நாமே ஒருவர்க்கொருவர் பாட்டியும் பெரியம்மாவுமாக இருக்க வேண்டியவர்கள். ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் தோல் மருத்துவர் ஒருவரை அழைத்து, பிள்ளைகள் தாமே கேள்வி கேட்கும்படியான கூட்டம் ஒன்று வைக்கலாம். செலவு பெரிதன்று, தேநீரும் நாற்காலியும்தான்.

உறவினர்க்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பிள்ளையைக் காணும்போது, முகத்தைப் பற்றிப் பேசாமல், என்ன படிக்கிறாய், என்ன பாடுகிறாய் என்று கேளுங்கள். பரு வரும், மருந்துண்டு, போகும். நாம் சொன்ன சொல் பிள்ளையின் மனத்தில் தழும்பாக நின்றுவிடின் அதற்குக் களிம்பு இல்லை.

சென்ற ஆண்டு விலகிக்கொண்ட பெண்கள் இருவரும் மாலையில் நடக்கவிருக்கும் கோலாட்டத்தில் ஆடுகிறார்கள் என்று அறிந்து மகிழ்கிறோம். முகத்தைப் பாராமல் ஆட்டத்தைப் பார்த்துக் கைதட்டுங்கள்.